பாதையை முதலில் எழுதுங்கள்

சென்னைப் புறநகர்களில் ஒரே வழியைப் பகிர்ந்துகொள்ளும் மனை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மனை உரிமையாளர்களே,

மேடவாக்கம், மடிப்பாக்கம், குன்றத்தூர், பூந்தமல்லி, ஆவடி, செங்குன்றம் என்று சென்னையைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் உங்களைப் பார்க்கலாம். மெயின் ரோட்டை ஒட்டி ஒரு மனை. அதன் பக்கவாட்டில் பத்தடியோ பன்னிரண்டடியோ அகலத்தில் ஒரு வழி. அந்த வழியின் கடைசியில் இன்னொரு மனை. சில இடங்களில் நாலைந்து மனைகள். முன்மனைக்காரரும் பின்மனைக்காரரும் பெரும்பாலும் அந்நியர்கள் அல்ல. ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகளாக இருப்பார்கள், அல்லது ஒரே ஆளிடம் அடுத்தடுத்து வாங்கியவர்களாக இருப்பார்கள். கல்யாணத்துக்குப் பந்தல் போட்டபோது பாதையை மறித்தார்கள், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பின்மனையின் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பப் போகிறார்கள் என்ற செய்தி வந்த பிறகுதான் பாதையின் நடுவே முதல் கல் நடப்படுகிறது.

இந்தச் சண்டையில் கெட்டவர் என்று யாரும் இல்லாத இடங்களே அதிகம். பின்மனைக்காரருக்கு இரண்டு பிள்ளைகள். பழைய வீடு போதவில்லை. புதிதாகக் கட்ட கையில் பணம் இல்லை. கட்டுநர் ஒருவர் கூட்டு ஒப்பந்தம் பேசி, நிலத்துக்கு ஈடாகச் சில வீடுகள் தருவதாகச் சொல்கிறார். வாழ்நாளில் ஒருமுறை வரும் வாய்ப்பு அது. முன்மனைக்காரரின் குடும்பமோ தன் பங்கிலிருந்து பாதைக்கு இடம் விட்ட குடும்பம். பத்தடி அகலம், நூறடி நீளம் என்றால் ஆயிரம் சதுர அடி, அதாவது ஏறக்குறைய 2.3 சென்ட். இரண்டு சைக்கிளும் ஒரு ஸ்கூட்டரும் போய்வந்த அந்த வழியில் இனி ஒரு டஜன் கார்களும் தண்ணீர் லாரியும் கழிவுநீர் லாரியும் தன் படுக்கையறை ஜன்னலை உரசிக்கொண்டு போகும் என்பதை அவர் எளிதில் ஏற்க முடியாது. இரண்டு பேரின் கவலையும் நியாயமானது.

இந்த மடல் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வீட்டுக்கு வரைபடம் போடுவதற்கு முன்பு, பாதைக்குப் பத்திரம் எழுதுங்கள். யாருடைய நிலம், எத்தனை அடி, எதற்கெல்லாம், எத்தனை வீட்டுக்கு, யார் செலவில் என்பதை இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, எழுதி, பதிவு செய்யுங்கள். கோர்ட்டில் பத்து வருடம் போகக்கூடிய வழக்கை அது வாசலிலேயே தடுக்கும்.

இந்த வழிகள் எப்படி உருவாயின என்று பார்த்தால் சிக்கல் எங்கே தொடங்குகிறது என்பது புரியும். இன்று மனைகளாக இருப்பவற்றில் பெரும்பகுதி ஒரு தலைமுறைக்கு முன்பு நஞ்சையும் புஞ்சையும். ரோட்டை ஒட்டிய நிலத்தை அண்ணன் தம்பிகள் பிரித்தபோது இரண்டு வழிகள் இருந்தன. நீளவாக்கில் பிரித்தால் ஆளுக்குக் கொஞ்சம் ரோட்டு முகப்பு கிடைக்கும், ஆனால் நிலம் நாடாபோல் ஒடுங்கிவிடும். குறுக்கே பிரித்தால் ஒருவருக்கு முகப்பு, மற்றவருக்குப் பின்பகுதி. குறுக்கே பிரித்த குடும்பங்கள் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தன: பின்பாகத்துக்குப் போக முன்பாகத்தின் ஓரமாக ஆள் நடக்கவும் வண்டி ஓட்டவும் வழி உண்டு. அகலம் சில பத்திரங்களில் இருக்கிறது, பலவற்றில் இல்லை. அந்த வரி எழுதப்பட்ட காலத்தில் வண்டி என்றால் மாட்டு வண்டி. பிறகு பின்பகுதி மூன்று நான்கு மனைகளாகப் பிரிந்து கைமாறியது. ஒவ்வொரு விற்பனையிலும் புதுப் பத்திரம் பழைய வரியை அப்படியே நகலெடுத்தது, அல்லது விட்டுவிட்டது.

அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகள் இதன் மேல் வந்து சேர்ந்தன. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017 மே மாதம் அரசு விதிகள் கொண்டுவந்தது. மனைக்கு அப்படி அங்கீகாரம் கிடைத்த பிறகும், அந்த மனைக்குப் போகும் வழி யாருடையது என்ற கேள்வி பல இடங்களில் அப்படியே நின்றது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர், ராணிப்பேட்டை மாவட்டங்களின் கிராமங்கள் நகரத்தின் வரைபடத்துக்குள் வந்தன. அங்கேயெல்லாம் இதே மாட்டு வண்டிப் பாதைகள் இருக்கின்றன. இன்று மேடவாக்கத்தில் நடப்பது நாளை அங்கே நடக்கும்.

இன்னொரு மாற்றத்தையும் நீங்கள் கவனிக்க வேண்டும். 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்றின் பேரில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. வீடு கட்டுபவருக்கு இது பெரிய வசதி. ஆனால் அனுமதிக்கு முன்பு அதிகாரி யாரும் வந்து பாதையைப் பார்ப்பதில்லை. பெரிய கட்டடங்களுக்கான திட்ட அனுமதியும்கூட நிலத்தின் மீதோ வழியின் மீதோ யாருக்கு உரிமை என்பதை முடிவு செய்வதில்லை. அனுமதி கிடைத்துவிட்டது, ஆகவே பாதைத் தகராறும் தீர்ந்துவிட்டது என்று எந்தத் தரப்பும் எண்ணிவிட வேண்டாம்.

அப்படியானால் பேச்சை எங்கே தொடங்குவது? உங்கள் பாதை எந்த வகை என்பதிலிருந்து.

முதல் வகை, அரசுப் புறம்போக்கு. கிராமத்தின் அ-பதிவேட்டில் பாதை என்றோ வண்டிப்பாதை என்றோ தனி சர்வே எண்ணோடு இருக்கும். அது முன்மனைக்காரருக்கும் சொந்தமில்லை, பின்மனைக்காரருக்கும் சொந்தமில்லை. அங்கே கல் நட்டால் அது ஆக்கிரமிப்பு. வட்டாட்சியரிடமும் உள்ளாட்சி அமைப்பிடமும் போக வேண்டிய விஷயம். இரண்டாவது வகை, அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவின் சாலை. மனைப்பிரிவு போட்டவர் அதை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக்கொடுத்திருப்பார்; அது பொதுத் தெரு. மூன்றாவது வகைதான் நம் பிரச்சினை. பட்டா ஒருவர் பெயரில் இருக்கும். நடக்கும் பாத்தியம் மற்றவருக்கு இருக்கும். சில இடங்களில் பாதை மட்டும் எல்லோர் பெயரிலும் கூட்டாக இருக்கும்.

இதைத் தெரிந்துகொள்ள நாலு காகிதங்கள் போதும்: இரு மனைகளின் மூலப்பத்திரங்கள், நில அளவைத் துறையின் புலப்படம், அ-பதிவேட்டு நகல் அல்லது நகரப் பகுதியாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேடு, வில்லங்கச் சான்று. பத்திரத்தின் நான்கெல்லை வரிகளைக் கவனமாகப் படியுங்கள். முன்மனையின் பத்திரத்தில் வடக்கெல்லை ‘பொதுப்பாதை’ என்றும், பின்மனையின் பத்திரத்தில் அதே இடம் முன்மனைக்காரரின் நிலம் என்றும் இருக்கக்கூடும். அந்த முரண்பாட்டைக் கட்டுநரின் வக்கீல் கண்டுபிடிப்பதற்கு முன்பு நீங்கள் கண்டுபிடிப்பது நல்லது. பிறகு இரு தரப்பும் சேர்ந்து நில அளவைக்கு மனு கொடுங்கள். ஒருவர் மட்டும் சர்வேயரை அழைத்து வந்தால் மற்றவர் அந்த அளவை நம்பமாட்டார். இருவரும் கூட நின்று அளந்து, கல் நட்டு, அளவுகளில் கையெழுத்திட்டால் தகராறில் பாதி அன்றே முடிந்துவிடும்.

இனி சட்டம். மூன்றாவது வகைப் பாதைகளை ஆள்வது 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைகள் சட்டம். வக்கீல்கள் ஈஸ்மெண்ட் ஆக்ட் என்பார்கள். அது முதலில் அமலுக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. இன்றைய உங்கள் பிரச்சினைக்கும் அதில் நேரடியான விடைகள் இருக்கின்றன.

ஒருவர் நிலத்தில் இன்னொருவருக்கு நடக்கும் உரிமை பொதுவாக மூன்று விதமாக வரும். ஒன்று, அவசியத்தால் வருவது. ஒரே நிலத்தைப் பிரித்ததால் பின்பகுதிக்கு வேறு வழியே இல்லாமல் போனால், முன்பகுதி வழியாகப் போகும் உரிமையைச் சட்டம் தருகிறது. சுற்றிப் போக வேண்டும், சௌகரியமில்லை என்பதெல்லாம் இதில் செல்லாது; வேறு வழி அறவே இருக்கக்கூடாது. அந்த அவசியம் நீங்கினால் உரிமையும் முடிந்துவிடும் என்கிறது 41-ஆவது பிரிவு. பின்மனைக்குப் பின்னால் நாளை ஒரு புதுத் தெரு வந்தால், இத்தனை நாள் நடந்த வழியை முன்மனைக்காரர் அடைத்துவிட முடியும்.

இரண்டாவது, நெடுங்கால அனுபவத்தால் வருவது. இருபது வருடம் இடைவெளியின்றி, வெளிப்படையாக, உரிமை என்ற முறையில் பயன்படுத்தியிருக்க வேண்டும். இதை நிரூபிப்பது பலர் எண்ணுவதுபோல் சுலபமல்ல. மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், இருபதடிச் சாலை ஒன்றைப் பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறோம் என்று ஒரு தரப்பு சொன்னது. பல வருடங்கள் என்றால் இருபது வருடங்கள் என்று பொருளாகாது என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை மறுத்தது. ‘எங்க அப்பா காலத்திலிருந்தே இதுதான் வழி’ என்ற பேச்சுக்குப் பின்னால் தேதியும் சாட்சியும் ஆவணமும் வேண்டும்.

மூன்றாவது, எழுதிக்கொடுத்ததால் வருவது. இதன் பலம் வேறு. தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு பாதை வழக்கில் 2006-இல் தீர்ப்பு வந்தது. பத்திரத்தின் மூலம் தரப்பட்ட வழியுரிமை, வேறு வழி கிடைத்துவிட்டது என்ற காரணத்தால் அழிந்துபோகாது என்றது நீதிமன்றம். அது அவசியத்தில் நிற்கும் உரிமையல்ல, ஒப்பந்தத்தில் நிற்கும் உரிமை. பின்மனைக்காரர் ஏன் எழுத்துக்கு அலைய வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இந்த மூன்றிலும் சேராத ஒன்று இருக்கிறது. ‘போய்க்கங்க, இதுல என்ன இருக்கு’ என்று வாய்வார்த்தையாகத் தருவது. சட்டத்தின் பார்வையில் அது அனுமதி மட்டுமே. அதை நம்பி நிரந்தரமான வேலை எதையும் செலவழித்துச் செய்திருந்தாலொழிய, கொடுத்தவர் திரும்பப் பெறலாம். இடத்தை விற்றால் வாங்குபவர் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்லர். பெரியவர்கள் இருவரும் உயிரோடு இருக்கும்வரை அந்த வார்த்தைக்கு மதிப்பு இருந்தது. பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்துகொண்டு பவர் எழுதிக்கொடுத்து விற்கும்போது அந்த வார்த்தை பத்திரத்தில் ஏறாது.

முன்மனைக்காரரின் கவலைக்கும் அதே சட்டத்தில் இடம் உண்டு. ஒரு வகை வழியுரிமை இன்னொரு வகையை உள்ளடக்காது என்கிறது 28-ஆவது பிரிவு. நடக்கத் தந்த வழி கார் ஓட்டத் தந்த வழியாகிவிடாது. 30-ஆவது பிரிவில் ஓர் உதாரணம் தரப்பட்டிருக்கிறது. ஒரு வீட்டுக்குப் பக்கத்துக் கிணற்றில் நாளொன்றுக்கு ஐம்பது வாளி தண்ணீர் இறைக்கும் உரிமை இருக்கிறது. அந்த வீடு இரண்டாகப் பிரிகிறது. இருவருக்கும் இறைக்க உரிமை உண்டு, ஆனால் இருவரும் சேர்ந்து இறைப்பது ஐம்பது வாளியைத் தாண்டக்கூடாது. ஒரு வீட்டுக்குத் தந்த வழியைப் பன்னிரண்டு வீடுகள் பயன்படுத்தலாமா என்று இன்று நீங்கள் கேட்கும் கேள்விக்கு இதிலேயே வழிகாட்டுதல் இருக்கிறது. பிரிந்த ஒவ்வொரு பங்குக்கும் உரிமை வரும். வழி கொடுக்கும் மனையின் சுமை கணிசமாகக் கூடக்கூடாது.

இதனால் பின்மனைக்காரர் கட்டவே முடியாது என்று ஆகாது. கூடும் சுமைக்கு முன்மனைக்காரரின் ஒப்புதலை அவர் பெற வேண்டும், அதற்கு ஓர் ஈடு தர வேண்டும் என்பதுதான் பொருள். முன்மனைக்காரரும் பழைய உரிமையை முழுக்க மறுத்து மதில் எழுப்ப முடியாது. வழியைக் குறுக்கும் எந்த வேலையும் செய்யக்கூடாது என்று 27-ஆவது பிரிவு அவரையும் கட்டுகிறது. சட்டம் இரண்டு பேரையும் பேச்சுவார்த்தை மேசைக்கே தள்ளுகிறது.

அந்த மேசையில் எழுதப்படும் பத்திரத்தில் என்னென்ன இருக்க வேண்டும்? பாதையின் நீள அகலம் மீட்டரில், சர்வேயர் அளந்த வரைபடத்தோடு. பாதைக்குத் தனி உட்பிரிவு எண் வாங்கிப் பட்டாவில் கூட்டாகப் பெயர் சேர்க்கப் போகிறீர்களா, அல்லது நிலம் ஒருவருடையது, வழி மற்றவருடையது என்றே தொடரப் போகிறீர்களா என்பது. எந்தெந்த வாகனம், எத்தனை வீட்டுக்கு. பாதையில் யாரும் வண்டி நிறுத்தக்கூடாது என்பது. தெருச் சண்டைகளில் பாதி பார்க்கிங்கால் வருவது என்று உங்களுக்கே தெரியும். கேட் போடலாமா, சாவி யாரிடம். மேலே பால்கனியோ சன்ஷேடோ பாதைக்குள் நீட்டக்கூடாது, எத்தனை அடி உயரம் வரை வெட்டவெளியாக இருக்க வேண்டும் என்பதும் எழுதப்பட வேண்டும். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் வீட்டு வாசல்வரை வர முடியுமா என்று இருவரும் சேர்ந்து நின்று பாருங்கள்.

மண்ணுக்குக் கீழே போகும் விஷயங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை இணைப்பு, மின்கேபிள், மழைநீர் வடிகால். நடக்கும் உரிமை இருப்பதாலேயே தோண்டும் உரிமை வந்துவிடாது. ஜப்பானில் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த சிவில் சட்டத் திருத்தம், வேறு வழியில்லாத மனைக்காரர் முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் பக்கத்து நிலத்தின் வழியாக மின்சாரம், எரிவாயு, குடிநீர் இணைப்புகளைக் கொண்டுபோகும் உரிமையை வெளிப்படையாகத் தந்தது. நம் சட்டத்தில் இவ்வளவு தெளிவான ஏற்பாடு இல்லை. ஆகவே நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். குழாய் பதிக்கும் உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டால், அது பழுதாகும்போது தோண்டிச் சரிசெய்யவும், பிறகு தரையைப் பழையபடி மூடவும் 24-ஆவது பிரிவு வழி சொல்கிறது. பராமரிப்புச் செலவு வழியை அனுபவிப்பவருடையது என்கிறது 25-ஆவது பிரிவு. இரு தரப்பும் பயன்படுத்தும் பாதையாக இருந்தால் வீடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பச் செலவைப் பிரித்துக்கொள்ளலாம்.

கட்டுமானக் காலத்துக்கென்று தனி அத்தியாயம் வேண்டும். ஜல்லி லாரியும் ரெடிமிக்ஸ் வண்டியும் எந்த நேரத்தில் வரலாம், சிமெண்டுச் சாலை உடைந்தால் யார் போடுவது, எவ்வளவு வைப்புத்தொகை. அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டும்போது பக்கத்து நிலம் சரியாமல் தாங்கப்படுவது ஒவ்வொரு நில உரிமையாளருக்கும் இயல்பாக உள்ள உரிமை என்று 7-ஆவது பிரிவு விளக்குகிறது. வேலை தொடங்குவதற்கு முன்பே முன்மனை வீட்டின் சுவர்களை இரு தரப்பும் சேர்ந்து புகைப்படம் எடுத்துக்கொண்டால், எந்த விரிசல் பழையது, எது புதியது என்ற வாக்குவாதம் பிறகு வராது.

இவ்வளவையும் எழுதி, இந்த உரிமைகளும் கடமைகளும் இரு மனைகளின் வாரிசுகளையும் இனி வாங்குபவர்களையும் கட்டுப்படுத்தும் என்று சேர்த்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி பீரோவில் வைப்பது போதாது. பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்றில் வரும். அடுத்து வாங்குபவருக்கும் கடன் தரும் வங்கிக்கும் தெரியும்.

ஈட்டைப் பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டாம். பாதை அகலமாவதால் பின்மனையின் மதிப்பு எவ்வளவு கூடுகிறது என்பதைக் கட்டுநர் துல்லியமாகக் கணக்கிட்டு வைத்திருப்பார். முன்மனைக்காரருக்கும் அந்தக் கணக்கு தெரிய வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 சாலையின் அகலத்தோடு கட்டும் பரப்பை இணைத்திருக்கின்றன. உயரமில்லாக் கட்டடங்களுக்கு மனைப்பரப்பைப் போல் இரண்டு மடங்கு வரை தளப்பரப்பு பொதுவாக அனுமதிக்கப்படுகிறது. அதற்கு மேல் கட்டணம் செலுத்திப் பெறும் கூடுதல் பரப்பு, 9 முதல் 12 மீட்டர் சாலையில் 30 சதவீதம், 12 முதல் 18 மீட்டர் சாலையில் 40 சதவீதம், 18 மீட்டருக்கு மேல் 50 சதவீதம். வழி குறுகலாக இருக்கும்வரை இந்தப் பலன் எதுவும் பின்மனைக்கு எட்டாது. மெயின் ரோட்டில் இருக்கும் முன்மனைக்கோ பாதைக்கு விட்ட இடம் பயன்படாமல் கிடக்கிறது.

இங்கேதான் இன்னொரு வழி திறக்கிறது: இரண்டு மனைகளையும் சேர்த்து ஒரே மனையாகக் கட்டுவது. சேர்த்துவிட்டால் தகராறுக்குரிய பாதையே இல்லை. முழு மனைக்கும் மெயின் ரோட்டு முகப்பு கிடைக்கிறது. பாதைக்கு விட்ட நிலத்தையும் முன்மனைக்காரரின் பங்கில் சேர்த்து, நிலப்பரப்பின் விகிதத்தில் வீடுகளைப் பிரித்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் இது ஒத்துவராது. சிலருக்குத் தனி வீடும் தென்னை மரமும் வேண்டும், அதை மதிக்க வேண்டும். ஆனாலும் வேண்டாம் என்று முடிவு செய்வதற்கு முன் ஒருமுறை காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பக்கத்துப் பக்கத்து நில உரிமையாளர்கள் சேர்ந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்குப் புனேயின் மகர்பட்டா நகரம் நம் காலத்துச் சான்று. நகரம் தங்கள் வயல்களை நோக்கி வருவதைக் கண்ட மகர்பட்டா விவசாயிகள், 1990-களில் சதீஷ் மகர் முன்னின்று பேசியதில், துண்டு துண்டாக விற்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். சுமார் 120 குடும்பங்கள் 400 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை ஒன்றுசேர்த்து, ஒரு நிறுவனம் தொடங்கி, அவரவர் நிலத்துக்கேற்பப் பங்கு எடுத்துக்கொண்டு ஒரு நகரத்தையே கட்டினார்கள். எந்த வீட்டுக்கு எந்தச் சாலை என்பது முதலிலேயே வரைபடத்தில் இருந்தது.

அகமதாபாத்தில் இதை அரசே செய்கிறது. 1976-ஆம் ஆண்டு குஜராத் நகரமைப்புச் சட்டத்தின்கீழ் ஒரு பகுதியின் நிலங்கள் மொத்தமாக வரைபடத்தில் சேர்க்கப்படுகின்றன. ஒவ்வொருவரும் சாலைக்கும் பூங்காவுக்கும் ஒரு பங்கு நிலம் விடுகிறார்கள். மீதி நிலம், சாலை முகப்புள்ள சீரான மனையாகத் திரும்பக் கிடைக்கிறது. 76 கிலோமீட்டர் நீளமுள்ள அந்நகரின் சர்தார் படேல் வட்டச் சாலைக்கு இந்த முறை பெரிதும் உதவியது. தமிழ்நாட்டுச் சட்டத்திலும் நிலத்தொகுப்புக்கு இடம் இருக்கிறது. விரிந்த பெருநகரப் பகுதியின் கிராமங்களில் இருப்பவர்கள், வயல் மனையாகும் முன்பே இதை உள்ளூரில் கூடிப் பேசலாம். ஐந்து வீட்டுக்காரர்கள் பாதையைத் தானப்பத்திரத்தின் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைத்துப் பொதுத் தெருவாக்குவதும் இதன் சிறிய வடிவம்தான். ஏற்றுக்கொள்ளப்பட்டால் தெருவிளக்கும் வடிகாலும் கேட்டுப் பெறும் உரிமை வரும். கேட் போட்டு மூடிவைக்கும் உரிமை போகும்.

பேசியும் முடியவில்லை என்றால்? ராத்திரியோடு ராத்திரியாக ஜேசிபி கொண்டுவந்து கல்லைப் பிடுங்குவதும் மதில் எழுப்புவதும் இரு தரப்பையும் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்தும். பாதை அப்படியே இருக்கும். அமைதி குலையும் நிலை வந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 166-ஆவது பிரிவின்கீழ் வருவாய்க் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர் விசாரித்து, பயன்பாட்டில் இருந்த வழியைத் தடுக்கக்கூடாது என்று உத்தரவிடலாம். அது தற்காலிக நிம்மதி. உரிமை யாருடையது என்பதை சிவில் நீதிமன்றம்தான் தீர்க்கும்.

சிவில் வழக்கு போட வேண்டிய நிலை வந்தால் ஆரம்பத்திலேயே வக்கீல் ஆணையரை நியமிக்கக் கேளுங்கள். அவர் சர்வேயரோடு நேரில் வந்து அளந்து, உள்ளதை உள்ளபடி அறிக்கையாகத் தருவார். பாதையின் அகலம் பற்றிய நூறு வாதங்களை அந்த ஓர் அறிக்கை நிறுத்தும். ஆனால் வழக்குக்கு முன்பே தட்ட வேண்டிய கதவு ஒன்று இருக்கிறது. வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தால், வழக்கே தொடராமல் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம். அங்கே எழுதப்படும் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மீது மேல்முறையீடு கிடையாது. ஏற்கெனவே வழக்கில் இருப்பவர்கள் சமரச மையத்துக்கு அனுப்பும்படி நீதிபதியிடம் கேட்கலாம். நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்தை 2005-இலேயே தொடங்கியது சென்னை உயர் நீதிமன்றம். பாதை வழக்குகளுக்கு சமரசம் குறிப்பாகப் பொருந்தும். காரணம், தீர்ப்பு உரிமை உண்டு அல்லது இல்லை என்று மட்டுமே சொல்ல முடியும். கேட் சாவி, லாரி நேரம், குழாய்ச் செலவு, ஜன்னல் பக்கம் ஒரு மறைப்புச் சுவர் போன்றவற்றை சமரசத்தில் மட்டுமே எழுத முடியும்.

கட்டுநர்களுக்கும் ஒரு வார்த்தை. பின்மனைக்காரரிடம் கூட்டு ஒப்பந்தம் போடும் நாளிலேயே முன்மனைக்காரரின் வீட்டுக் கதவையும் தட்டுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட திட்டத்தை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்துதான் விற்க முடியும். வாங்க வருபவரின் வக்கீல் முதலில் கேட்பது, சாலையிலிருந்து கட்டடம் வரை வழி யாருடையது என்பதைத்தான். வழித் தகராறு இருக்கும் வீட்டைக் கடன் வாங்கி வாங்கும் குடும்பம், தனக்குத் தெரியாத ஒரு சண்டையில் இருபது வருட மாதத் தவணையைக் கொண்டுபோய் வைக்கிறது. அந்தக் குடும்பத்துக்கும் நீங்கள் பொறுப்பு.

மனை உரிமையாளர்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் கூடுங்கள். மூலப்பத்திரங்களை இரு தரப்பும் எடுத்து வாருங்கள், மறைக்காமல் காட்டுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளைப் போனில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளை கையெழுத்துப் போடப்போவது அவர்கள்தான். விஷயம் தெரிந்த பெரியவர்களிடம், பாதை எப்போது, யாரால், எதற்காக விடப்பட்டது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அவர்கள் இருக்கும்போதே அதைச் செய்யுங்கள். அன்றே முடிவு எதுவும் எடுக்க வேண்டாம். சர்வேக்குக் கூட்டு மனு எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, திங்கட்கிழமை தாலுகா அலுவலகத்தில் கொடுங்கள். அளவு வந்த பிறகு வக்கீலை வைத்துப் பத்திரம் எழுதலாம். கட்டட வரைபடக்காரரை அதற்குப் பிறகு கூப்பிடுங்கள்.

உங்கள் நலம் நாடும்,
ஒரு பத்திரிகை எழுத்தாளர்